நான்காம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 38. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நான் படித்த அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாவில், முன்னாள் மாணவி என்ற முறையில் பத்து நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. போன வருடம் எங்கள் அலுவலகப் பிரிவு உபசார விழாவில் மனப்பாடம் செய்துகொண்டு போன பேச்சு நடுவில் மறந்துபோய், அப்படியே நின்றுவிட்டேன். இந்த முறை அப்படி ஆகிவிடக் கூடாது என்று ஆறு பக்கம் எழுதி, இத்துடன் இணைத்திருக்கிறேன். இதை எப்படி மனப்பாடம் செய்வது? பேப்பரைப் பார்த்துப் படித்தால் தவறா? செந்தமிழில்தான் பேச வேண்டுமா? மைக் முன்னால் போனாலே வாய் உலர்ந்து கை நடுங்குகிறது. ஒரு வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் ஆறு பக்கங்களையும் முதலில் மனதுக்குள் படித்தேன், அப்புறம் வாய்விட்டும் படித்துப் பார்த்தேன். நிதானமாகப் படித்தால் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் போகிறது. எப்படி மனப்பாடம் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மனப்பாடம் செய்ய வேண்டாம். காரணத்தை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ஆறு பக்கங்களில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

முதல் மூன்று பக்கங்களில் அப்துல் கலாம் கனவு காணச் சொன்னது வருகிறது. பெண் கல்வியின் அவசியம், தன்னம்பிக்கை, நேரத்தின் அருமை எல்லாம் வருகின்றன. எதுவும் தவறில்லை. ஆனால் அந்த மாணவிகள் இவை எல்லாவற்றையும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கேட்டிருப்பார்கள், பேச்சுப் போட்டிக்கு அவர்களே எழுதியிருப்பார்கள், போன வருடம் வந்த சிறப்பு விருந்தினரும் சொல்லியிருப்பார். நீங்கள் திருப்பூரிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சொல்ல வேண்டியது இதுவல்ல.

நான்காம் பக்கத்தின் நடுவில் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே இங்கே தருகிறேன்:

“2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது ஆடிட்டர் அலுவலகத்தில் எல்லோருக்கும் வகுப்பு எடுத்தார்கள். எச்எஸ்என் கோடு என்றால் என்ன, அதை பில்லில் எங்கே போடுவது என்று கை தூக்கிக் கேட்டது நான் ஒருத்திதான். இதுகூடத் தெரியாதா என்பதுபோல் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். டீ நேரத்தில் இருபது வருட அனுபவம் உள்ள எங்கள் மேனேஜர் பக்கத்தில் வந்து, ‘நல்லவேளை கேட்டம்மா, எனக்கும் தெரியல’ என்றார்.”

உங்கள் பேச்சு இதுதான். மற்ற ஐந்தே முக்கால் பக்கத்தையும் எடுத்து வைத்துவிடுங்கள் என்று சொன்னால் வருத்தப்படுவீர்கள், தெரியும். ராத்திரி கண் விழித்து எழுதியிருப்பீர்கள். ஆனால் உங்களால் மட்டுமே சொல்ல முடிந்தது இந்த நான்கு வரிதான்.

உங்கள் முன்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முன்வரிசையில் ஜமுக்காளத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சின்னப் பிள்ளைகள். பின்னால் பிளஸ் ஒன், பிளஸ் டூ பெண்கள். ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில், பாதி நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் அம்மாக்கள். மேடைக்குப் பக்கவாட்டில் முகத்தில் ரோஸ் பவுடரும் காலில் சலங்கையுமாக, தங்கள் பாட்டு எப்போது வரும் என்று காத்திருக்கும் பத்துப் பதினைந்து குழந்தைகள். இவர்களில் யாருக்கும் கல்வியின் சிறப்பைக் கேட்கும் பொறுமை அன்றைக்கு இருக்காது. ஆனால் தாங்கள் உட்கார்ந்த பெஞ்சில் உட்கார்ந்து படித்த ஓர் அக்கா, இத்தனை பேர் நடுவில் “எனக்குத் தெரியாது” என்று கை தூக்கிய கதை என்றால் கேட்பார்கள். ஏனென்றால் வகுப்பில் கை தூக்கலாமா வேண்டாமா என்பது அந்தப் பெண்களுக்குத் தினமும் இருக்கிற பிரச்சினை.

அதனால் பேச்சைத் தயாரிக்கும்போது ஒரு கேள்விக்கு முதலில் பதில் எழுதுங்கள். விழா முடிந்து வீட்டுக்குப் போகும் பிளஸ் ஒன் மாணவியிடம் அவள் பாட்டி “யாரோ வந்து பேசினாங்களாமே, என்ன சொன்னாங்க?” என்று கேட்டால், அவள் ஒரே வாக்கியத்தில் என்ன பதில் சொல்ல வேண்டும்? “தெரியலைன்னா கூச்சப்படாம கேக்கணுமாம், அவங்க அப்படிக் கேட்டுத்தான் மேல வந்தாங்களாம்.” இந்த ஒரு வாக்கியத்தைத் தாளின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு உதவுவது எல்லாம் பேச்சில் இருக்கட்டும். உதவாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போகட்டும்.

நான்கு வரியைப் பத்து நிமிடத்துக்கு எப்படி நீட்டுவது என்று கேட்பீர்கள். அதில் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது. அந்த அறை எப்படி இருந்தது, எத்தனை பேர், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை? கை தூக்குவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் தயங்கினீர்கள்? எந்தக் கணத்தில், சரி, கேட்டுவிடலாம் என்று தோன்றியது? திரும்பிப் பார்த்தவர்களைப் பார்த்ததும் முகம் சூடானதா? பதில் கிடைத்ததும் எதில் எழுதி வைத்தீர்கள்? அதற்கப்புறம் அலுவலகத்தில் பில் போடுகிறவர்கள் உங்களிடம் வந்து சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்களா? பிரிவின் பொறுப்பு உங்கள் கைக்கு வந்தது அப்படித்தானா? இதையெல்லாம் சொல்லுங்கள்.

இன்னொரு முக்கியமான கேள்வி. இந்தப் பள்ளியில் படித்தபோது நீங்கள் கை தூக்கியிருக்கிறீர்களா? கேட்க நினைத்துக் கேட்காமலே விட்ட சந்தேகம் ஏதாவது நினைவில் இருக்கிறதா? இருந்தால் பேச்சை அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். அந்த வகுப்பறை மேடையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தால், கையை நீட்டியே காட்டலாம்.

ஜிஎஸ்டி என்றால் என்ன என்று மட்டும் விளக்கப் போகாதீர்கள். “2017 ஜூலை 1-ஆம் தேதி, ஒரே ராத்திரியில் ஏறக்குறைய நாடு முழுக்க வரிக் கணக்கு எழுதும் முறை மாறிவிட்டது. இருபது வருட அனுபவசாலியும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் அன்றைக்கு ஒன்றாம் வகுப்பு” என்றால் போதும். எச்எஸ்என் கோடு பற்றி ஒரு வரி சொல்லலாம்: எந்தப் பொருள் எந்த வகை என்பதற்கு ஓர் எண், பின்னலாடை என்றால் 61-இல் தொடங்கும். பிள்ளைகள் தாங்கள் போட்டிருக்கும் பனியனுக்கும் ஓர் எண் உண்டு என்று தெரிந்தால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் வரை நீங்கள் காத்திருக்கலாம்.

சுருக்கமாகப் பேசினால் தயாரிக்காமல் வந்ததுபோல் ஆகிவிடுமோ என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. 1863 நவம்பர் 19-ஆம் தேதி அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில், போரில் இறந்த வீரர்களின் கல்லறைத் தோட்டத்தைத் திறந்து வைத்தார்கள். முதன்மைப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட். அந்தக் காலத்தில் அந்த நாட்டின் பெரிய மேடைப் பேச்சாளர்களில் ஒருவர். அவர் இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப் பின் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் எழுந்து பேசியது சுமார் 270 சொற்கள்தான், மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நாளின் மையக் கருத்தை நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்ட அளவுக்கு நான் இரண்டு மணி நேரத்தில் தொட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் மகிழ்வேன் என்ற பொருளில், மறுநாளே எவரெட் அவருக்குக் கடிதம் எழுதினார். லிங்கன் ரயிலில் போகும்போது அவசரமாகக் கிறுக்கிய பேச்சு அது என்று ஒரு கதை உலாவுகிறது, நம்பாதீர்கள். அவர் கையால் எழுதிய ஐந்து பிரதிகள் இன்றும் இருக்கின்றன. மிகப் பழையது என்று கருதப்படும் பிரதியின் முதல் பக்கம், வாஷிங்டனில் அவருடைய மாளிகையின் பெயர் அச்சிட்ட தாளில் இருக்கிறது. சின்னப் பேச்சுக்குத்தான் அதிக வேலை. எதை விடுவது என்று முடிவு செய்ய நேரம் பிடிக்கும்.

சரி, செந்தமிழா பேச்சுத் தமிழா? நம் ஊர்க்காரர்களுக்கு என்றைக்கும் இருக்கிற சங்கடம் இது. எழுதும்போது ஒரு தமிழ், வாயைத் திறந்தால் வேறு தமிழ். என் கருத்து இதுதான்: வணக்கம் சொல்வதும் நன்றி சொல்வதும் மேடைத் தமிழில் இருக்கட்டும், அது சபைக்குக் கொடுக்கிற மரியாதை. கதை சொல்லும் இடத்தில் உங்கள் வீட்டுத் தமிழுக்கு அருகில் வந்துவிடுங்கள். மேனேஜர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கள். “தாங்கள் வினவியது நன்று, நானும் அறியேன்” என்று உங்கள் பிரதியின் இன்னோர் இடத்தில் அவரையே பேச வைத்திருக்கிறீர்கள். அப்படிச் சொன்னால் அந்த மனிதர் காணாமல் போய்விடுகிறார். கொங்குப் பேச்சு உங்கள் நாக்கில் இருக்கிறது, அந்தப் பிள்ளைகளின் நாக்கிலும் அதேதான். ஒளிக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் வாக்கியத்தின் நீளம். உங்கள் பிரதியில் ஓரிடத்தில் இருப்பது இது: “இப்பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று, ஆசிரியப் பெருமக்களின் வழிகாட்டுதலால் வணிகவியல் பட்டம் பெற்று, திருப்பூரில் ஒரு நிறுவனத்தில் பணியில் சேர்ந்து, இன்று கணக்குப் பிரிவின் பொறுப்பாளராக உங்கள் முன் நிற்கிறேன்.” கண்ணால் படிக்கும்போது சிரமம் இல்லை. காதால் கேட்கிறவர் பாடு வேறு. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. சேர்ந்து, பயின்று, பெற்று என்று கோத்துக்கொண்டே போனால், இது எங்கே போய் முடியும் என்று தெரியாமல் அவர் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். பேசுகிறவருக்கும் நடுவில் மூச்சு விட இடம் இல்லை. இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “ஆறாம் வகுப்பில் இங்கே சேர்ந்தேன். பன்னிரண்டு வரை இங்கேதான். அப்புறம் பி.காம். அப்புறம் திருப்பூர். இப்போது ஒரு கம்பெனியின் கணக்கு முழுவதும் என் பொறுப்பு.” ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் ஒரு மூச்சு.

வாக்கியத்தின் கடைசியை விழுங்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதற்றத்தில் பேசுகிறவர்கள் ஆரம்பத்தைச் சத்தமாகத் தொடங்கி, முடிவில் குரலைக் கீழே போட்டுவிடுவார்கள். வேறு மொழிகளில் அதனால் கொஞ்சம்தான் நஷ்டம் இருக்கலாம், தமிழில் பொருளே போய்விடும். “கேட்க முடியும்”, “கேட்க முடியவில்லை” இரண்டுக்கும் வித்தியாசம் கடைசியில்தானே இருக்கிறது? பயிற்சியின்போது கடைசிச் சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லிப் பழகுங்கள்.

இப்போது மனப்பாடத்துக்கு வருவோம். போன வருடம் உங்களுக்கு மறந்துபோனதற்குக் காரணம் ஞாபகசக்தி குறைவு இல்லை. சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யும்போது ஒவ்வொரு வாக்கியமும் அதற்கு முந்தைய வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் வரும். ஒன்று நழுவினால் அடுத்தது எல்லாம் நின்றுவிடும். வழி தெரிந்து நடக்கிறவருக்கு இந்தக் கஷ்டம் இல்லை, ஒரு சந்தைத் தவறவிட்டாலும் அடுத்த சந்தில் திரும்பிக்கொள்வார். உங்களுக்கு அந்தக் கதையின் வழி தெரியும், நீங்கள் நடந்து வந்த வழி அது. முதல் இரண்டு வாக்கியம், கடைசி இரண்டு வாக்கியம், இவற்றை மட்டும் சொல் மாறாமல் பழகிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பதற்றம் அதிகம் என்பதால் முதல் இரண்டு தானாக வாயில் வர வேண்டும். எப்படி முடிப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வராமல் இருக்கக் கடைசி இரண்டு. நடுவில் ஐந்து நிறுத்தங்கள் போதும்.

அந்த ஐந்தையும் ஒரு போஸ்ட் கார்டு அளவு அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். வாக்கியமாக எழுதாமல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சொல்: வகுப்பறை – கேட்காத கேள்வி. ஜூலை 1. கை தூக்கியது. மேனேஜர் – டீ. இப்போது என்னிடம் கேட்கிறார்கள். கையை நீட்டிப் பிடித்தாலும் படிக்க முடிகிற அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும். பேப்பரைப் பார்த்தால் தவறா என்றீர்கள். பார்ப்பதில் தவறே இல்லை, பேப்பரோடு பேசுவதுதான் கூடாது. மெல்லிய தாள் என்றால் கை நடுக்கம் தாளின் நுனியில் பல மடங்காகத் தெரியும், மைக்கில் சரசரப்பும் கேட்கும். அட்டையில் இரண்டும் இல்லை.

பயிற்சியை இன்றைக்கே வாயால் தொடங்குங்கள். எழுதி முடித்துவிட்டுப் பழகலாம் என்று காத்திருக்க வேண்டாம். சமையலறையில் நின்றுகொண்டே அந்தக் கதையை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை தாறுமாறாக வரும், வரட்டும். இரண்டாம் தடவை எது முன்னால், எது பின்னால் என்று தானே தெளிந்துவிடும். அதற்கப்புறம் செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். தன் குரலைத் தானே கேட்பது யாருக்கும் முதலில் பிடிக்காது. எங்கே வேகம் கூடுகிறது, எங்கே முடிவை விழுங்குகிறீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். எத்தனை நிமிடம் என்பதும் தெரிந்துவிடும். பழகும்போது எட்டு நிமிடத்தில் முடிந்தால் மேடையில் பத்து ஆகும்.

கடைசி வாரத்தில் பக்கத்து வீட்டுப் பிளஸ் ஒன் பெண் யாரையாவது உட்கார வைத்துப் பேசிக் காட்டுங்கள். முடிந்ததும் “எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள், “சூப்பர் அக்கா” என்றுதான் வரும். “நான் என்ன சொன்னேன்?” என்று கேளுங்கள். அவள் சொல்வதும் உங்கள் தாளின் தலையில் எழுதிய வாக்கியமும் ஒன்றாக இருந்தால் பேச்சு தயார். இல்லாவிட்டால் எந்த இடத்தில் அவள் வேறு பக்கம் போனாள் என்று பார்த்து அந்த இடத்தைச் சரி செய்யுங்கள்.

வாய் உலர்வதும் கை நடுங்குவதும் உங்களுக்கு மட்டும் வருவது இல்லை. 1893 செப்டம்பர் 11-ஆம் தேதி சிகாகோ சர்வசமயப் பேரவையில் விவேகானந்தரைக் காலையில் பேச அழைத்தபோது அவர் எழவே இல்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே போய்ப் பிற்பகலில்தான் பேசினார். அவர் அமெரிக்கா போவதற்குச் சென்னையில் நிதி திரட்டிய அளசிங்கப் பெருமாளுக்கு, சில வாரங்கள் கழித்து எழுதிய கடிதத்தில் அதை மறைக்காமல் சொல்கிறார்: மற்றவர்கள் எல்லாரும் ஆயத்தமான பேச்சுகளோடு வந்திருந்தார்கள், தன்னிடம் ஒன்றும் இல்லை, நெஞ்சு படபடத்தது, நாக்கு கிட்டத்தட்ட உலர்ந்தே போய்விட்டது என்று. அந்த உலர்ந்த நாக்கோடுதான் எழுந்து பேசினார்.

படபடப்பு வரும்போது உடம்பில் அட்ரினலின் கூடுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, எச்சில் குறைகிறது. பேசத் தொடங்கி ஒன்றிரண்டு நிமிடத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும், அதுவரை தாக்குப்பிடித்தால் போதும். பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது அதிக நேரம் எடுக்கட்டும். சாதாரணத் தண்ணீர் இரண்டு வாய் குடியுங்கள். மேடை ஏறியதும் உடனே பேச்சைத் தொடங்காமல், நின்று, கூட்டத்தைப் பார்த்து, அப்புறம் வணக்கம் சொல்லுங்கள். நடுவில் மறந்தால் “மறந்துவிட்டது, மன்னிக்கவும்” என்று அறிவிக்க வேண்டாம். அட்டையைப் பாருங்கள், அடுத்த நிறுத்தத்துக்குப் போங்கள். நீங்கள் எதை விட்டீர்கள் என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது, அவர்கள் கையில் உங்கள் பிரதி இல்லை.

மைக் விஷயத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள். விழா தொடங்குவதற்கு அரை மணி முன்னால் போய் மைக் செட்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள், உங்கள் உயரத்துக்கு ஸ்டாண்டை இறக்கித் தருவார். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். கையில் வாங்கிப் பேச வேண்டி வந்தால் தலைப் பகுதியைப் பொத்திப் பிடிக்காதீர்கள், ஸ்பீக்கர் பெட்டியின் பக்கமும் திருப்பாதீர்கள். கீச்சென்று அலறுவது பெரும்பாலும் அதனால்தான். திறந்த மைதானம் என்றால் எதிர்ச் சுவரில் பட்டு உங்கள் குரலே திரும்பி வரும். அது வந்து அடங்கட்டும் என்று வாக்கியத்துக்கு வாக்கியம் சற்று நிறுத்திப் பேசுங்கள்.

அப்புறம் இந்த “அவர்களே” வரிசை. உங்கள் பிரதியில் முதல் ஒன்றரைப் பக்கம், தலைமை தாங்கும் அவர்களே, முன்னிலை வகிக்கும் அவர்களே என்று பதினொரு பேரின் பெயர். உங்களுக்கு முன்னால் பேசிய எல்லோரும் இதே பட்டியலைப் படித்திருப்பார்கள். அதோடு, பதினொரு பேரைச் சொல்லிப் பன்னிரண்டாவது ஒருவரை விட்டுவிட்டால் மனத்தாங்கல் வேறு. விழாத் தலைவர் பெயர், தலைமையாசிரியை பெயர், உங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை யாராவது வந்திருந்தால் அவர் பெயர். மற்றவர்களுக்கு “மேடையிலும் எதிரிலும் அமர்ந்திருக்கும் பெரியோர்கள் அனைவருக்கும் வணக்கம்” போதும். உச்சரிப்பும் இனிஷியலும் பிசகாமல் இருக்கத் தலைமையாசிரியையிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அவரிடம் பேசும்போது இன்னொன்றும் கேளுங்கள்: உங்கள் பேச்சு நிகழ்ச்சி நிரலில் எங்கே வருகிறது, பரிசளிப்புக்கு முன்பா பின்பா என்று. ஆண்டு விழாக்களில் ஆண்டறிக்கை நீளும், பொன்னாடைகள் நீளும், உங்கள் முறை வரும்போது யாராவது காதருகே குனிந்து “மேடம், கொஞ்சம் சுருக்கமா” என்பார்கள். அதற்கும் தயாராகப் போங்கள். அட்டையின் பின்பக்கத்தில் நான்கு நிமிடப் பேச்சை எழுதிக்கொள்ளுங்கள்: ஜூலை 1, கை தூக்கியது, மேனேஜர் – டீ, கடைசி இரண்டு வாக்கியம். அதையும் செல்போனை வைத்து ஒருமுறை பேசிப் பாருங்கள். சுருக்கச் சொன்னால் வேகத்தைக் கூட்டாதீர்கள், அட்டையைத் திருப்பிக்கொள்ளுங்கள்.